மோசஸ் ஹெஸ்: வர்க்க விடுதலையும் பிறப்பின் இழிவும்

1842ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பெர்லினில் இராணுவப் பணியை முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், கொலோன் நகரத்து நாளிதழ் அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்தார். பஞ்சாலை முதலாளியின் மகனான அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அங்கிருந்த எழுத்தாளர் ஒருவர் காலத்தின் கேள்விகளைப் பற்றி அவரோடு உரையாடினார். சில வாரங்களில் அந்த இளைஞர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது உறுதியான பொதுவுடைமையாளராக மாறியிருந்தார். இளைஞரின் பெயர் பிரெடெரிக் எங்கெல்ஸ். அவரை அப்பாதைக்குத் திருப்பியவர் மோசஸ் ஹெஸ்.

எங்கெல்ஸை உலகம் அறியும். ஹெஸ்ஸை அறிந்தோர் சிலரே. மார்க்சியத்தின் வரலாற்றில் அவர் ஓர் அடிக்குறிப்பு. யூத தேசியத்தின் வரலாற்றில் ஒரு முன்னுரை. இரண்டு வரலாறுகளும் அவரைத் துண்டாக்கித் தத்தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டன. ஆனால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அவர் வாழ்க்கை நம் முன் வைக்கும் கேள்வி புலப்படுகிறது. உழைப்பவர் என்பதால் ஒருவர் சுரண்டப்படுவதும், இன்ன குலத்தில் பிறந்தவர் என்பதால் இழிவுபடுத்தப்படுவதும் ஒரே நோயா, இரு வேறு நோய்களா? முதலாவது தீர்ந்தால் இரண்டாவது தானே தீர்ந்துவிடுமா? ஹெஸ் தம் வாழ்நாளில் இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைத் தந்தார். அவ்விரண்டும் நம் பரிசீலனைக்கு உரியவை.

ரைன் நதிக்கரையில்

1812இல் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில் ஹெஸ் பிறந்தார். அப்போது அப்பகுதி நெப்போலியனின் பிரெஞ்சுப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் ரைன்லாந்தில் நுழைந்தபோது, நூற்றாண்டுகளாக யூதர்களை அடைத்துவைத்திருந்த தனிக் குடியிருப்புகளின் கதவுகள் திறந்தன. சட்டத்தின் முன் யூதர் குடிமகன் ஆனார். ஆயின் அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. 1815இல் நெப்போலியன் வீழ்ந்த பின் ரைன்லாந்து பிரஷ்யாவின் கைக்குச் சென்றது. திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அரசுப் பணிகள் யூதர்களுக்கு மறுக்கப்பட்டன. 1819இல் ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 1822இல் பல்கலைக்கழக ஆசிரியப் பணிகளும் அவர்களுக்கு எட்டாதவையாயின.

இந்தக் கதவுகளுக்கு ஒரே ஒரு திறவுகோல் இருந்தது. அது கிறித்தவத் திருமுழுக்கு. வழக்கறிஞர் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளக் கார்ல் மார்க்ஸின் தந்தை ஹைன்ரிஹ் மார்க்ஸ் மதம் மாறினார். கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே 1825இல் மாறினார். அவர்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. பிழைப்பதற்கும் படிப்பதற்கும் ஒருவர் தம் பிறப்பை மறுத்தாக வேண்டும் என்று விதித்த அரசே குற்றவாளி. ஹெஸ் இளமையில் யூத மதச் சடங்குகளைக் கைவிட்டார். பல ஆண்டுகள் அம்மதத்தைக் கடுமையாக விமர்சித்தார். எனினும் இறுதிவரை அவர் திருமுழுக்குப் பெறவில்லை.

தந்தை டேவிட் ஹெஸ் சர்க்கரை வணிகத்தின் பொருட்டுக் கொலோனுக்குக் குடிபெயர்ந்தபோது, மகனின் மதக் கல்வி கெடக்கூடாது என்று கருதி அவரைப் பானில் தாத்தாவிடம் விட்டுச்சென்றார். தாத்தா பகலில் வணிகர். இரவில் நடுநிசி தாண்டியும் தால்முத் பயின்ற அறிஞர். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதை நினைவுகூரும் துக்க நாட்களில், நாடுகடத்தப்பட்ட மக்களின் கதைகளைப் பேரக்குழந்தைகளுக்கு அவர் படித்துக் காட்டுவார். படிக்கும்போதே அவரது வெண்தாடி கண்ணீரில் நனையும். அக்காட்சி அரை நூற்றாண்டு கழித்தும் ஹெஸ்ஸின் நினைவிலிருந்து அகலவில்லை.

தாய் இறந்த பின், பதினான்கு வயதளவில் அவர் கொலோனுக்கு வந்து தந்தையின் வணிகத்தில் அமர்த்தப்பட்டார். கணக்கேடுகளில் அவர் மனம் ஒட்டவில்லை. முறையான பள்ளிக் கல்வி இல்லாத அவர் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளைப் பெரிதும் தாமாகவே கற்றார். ரூசோவையும் ஸ்பினோசாவையும் ஆழ்ந்து படித்தார். மத நம்பிக்கையைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் தந்தையோடு ஓயாத பிணக்கு. பான் பல்கலைக்கழகத்தில் சில காலம் பயின்றும் பட்டம் பெறவில்லை. பின்னாளில் அவரை ஏளனம் செய்தவர்கள் அவருடைய கல்வியில் இருந்த இடைவெளிகளைச் சுட்டத் தவறியதில்லை. அந்த இடைவெளிகள் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் கேட்டதில்லை.

ஸ்பினோசாவின் சீடர்

1837இல் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. தலைப்பு ‘மனிதகுலத்தின் புனித வரலாறு’. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பினோசாவின் சீடர் ஒருவர் என்று மட்டுமே இருந்தது. ஜெர்மன் மொழியில் சோசலிசக் கருத்துகளை முன்வைத்த முதல் நூல்களுள் ஒன்றாக அறிஞர்கள் கருதும் இந்நூலை எழுதியபோது ஹெஸ்ஸுக்கு வயது இருபத்தைந்து.

ஸ்பினோசாவை அவர் வழிகாட்டியாகத் தேர்ந்தது தற்செயல் அன்று. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் ஸ்பினோசாவை விலக்கிவைத்தது. அவர் கிறித்தவரும் ஆகவில்லை. இரு வேலிகளுக்கும் வெளியே நின்று, கடவுளும் இயற்கையும் ஒன்றே என்றும் இருப்பவை யாவும் ஒரே பொருளின் வெளிப்பாடுகள் என்றும் சிந்தித்தார். ஹெஸ் அச்சிந்தனையைச் சமூகத்தின் மீது திருப்பினார். இருப்பு ஒன்றே என்றால் மனிதர்களைப் பிரித்து நிறுத்தும் தனிச்சொத்துக்கு எந்த நியாயமும் இல்லை. மனிதகுல வரலாறு ஆதாமிலிருந்து இயேசு வரை, இயேசுவிலிருந்து ஸ்பினோசா வரை, ஸ்பினோசாவுக்குப் பின் என மூன்று காலங்களாக விரிகிறது என்றும், மூன்றாம் காலம் சமத்துவத்தில் நிறைவுறும் என்றும் அவர் கருதினார்.

நூலின் நடை தீர்க்கதரிசிகளின் நடையை ஒத்தது. வாதங்கள் பல இடங்களில் தளர்வானவை. ஆனால் அதன் மையத்தில் ஒரு கூரிய கண்டுபிடிப்பு இருந்தது. செல்வம் ஒரு பக்கம் குவியவும் வறுமை மறுபக்கம் பெருகவும் சமூகம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் கண்டார். பிறப்பால் பெறும் வாரிசுரிமையே இந்த ஏற்றத்தாழ்வைத் தலைமுறைதோறும் புதுப்பிக்கிறது என்றார். ஜெர்மனியில் ஆலைத் தொழில் தவழத் தொடங்கியிருந்த காலத்தில் இதை எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நூலை அக்காலத்தில் ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை.

1841இல் வந்த ‘ஐரோப்பிய மும்மை’ என்ற இரண்டாம் நூல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. ஜெர்மனியின் மதச் சீர்திருத்தம் ஆன்மாவை விடுவித்தது. பிரான்சின் புரட்சி அரசியலை விடுவித்தது. தொழில்வளம் மிகுந்த இங்கிலாந்தில் வெடிக்கவிருக்கும் சமூகப் புரட்சி இவ்விரண்டையும் நிறைவு செய்யும் என்பது அதன் சாரம். யூதர்களைப் பொறுத்தவரை, அவர்கள் தம் வரலாற்றுப் பணியை முடித்துவிட்டார்கள் என்பதும், கலப்பு மணத்தாலும் சம உரிமையாலும் பொதுச் சமூகத்தில் கலந்துவிடுவதே வழி என்பதும் அன்றைய ஹெஸ்ஸின் நிலைப்பாடு. பிறப்பின் இழிவு பற்றிய கேள்விக்கு அவர் தந்த முதல் விடை இதுவே. மனித விடுதலை வரும்போது யூதரின் விடுதலை தானாகவே வரும். அதற்கெனத் தனிப் போராட்டம் தேவையில்லை.

செயலின் தத்துவம்

1842 ஜனவரி முதல் நாள் கொலோனில் ‘ரைனிஷ் ட்சைடுங்’ நாளிதழ் தொடங்கப்பட்டது. தாராளவாத வணிகர்களின் முதலீட்டில் உருவான அவ்விதழைத் திட்டமிட்டுக் கொணர்ந்தவர்களில் ஹெஸ் முதன்மையானவர். அதற்குமுன்பே இளம் கார்ல் மார்க்ஸைச் சந்தித்து வியந்திருந்தார். பெர்டோல்ட் அவுவர்பாக் என்ற எழுத்தாள நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ரூசோ, வோல்டேர், லெஸ்ஸிங், ஹைனே, ஹெகல் முதலியோரை ஒரே மனிதரில் உருக்கி வார்த்ததற்கு மார்க்ஸை ஒப்பிட்டார். மார்க்ஸுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெயர் சொல்லத்தக்க எதையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை. தம்மைவிட இளையவர் ஒருவரின் பேராற்றலைப் பொறாமையின்றிக் கண்டறிந்து உரக்கச் சொல்லும் பண்பு ஹெஸ்ஸிடம் இயல்பாக இருந்தது.

1842 அக்டோபரில் மார்க்ஸ் அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். ஆண்டின் இறுதியில் ஹெஸ் அதன் செய்தியாளராகப் பாரிஸுக்குச் சென்றார். அந்நகரத்தின் தொழிலாளர் சங்கங்களையும் சோசலிசக் குழுக்களையும் பற்றி அவர் அனுப்பிய செய்திகள் ஜெர்மன் வாசகர்களுக்குப் புதியவை. 1843இல் தணிக்கை இதழை நசுக்கியது. அதே ஆண்டு ‘செயலின் தத்துவம்’, ‘சோசலிசமும் பொதுவுடைமையும்’ என்ற இரு கட்டுரைகள் சுவிட்சர்லாந்தில் அச்சான தொகுப்பு ஒன்றில் வெளிவந்தன.

ஜெர்மன் தத்துவவாதிகள் விண்ணுலகின் எசமானனை வீழ்த்திவிட்டு மண்ணுலகின் எசமானர்களை அப்படியே விட்டுவிட்டனர் என்பது ஹெஸ்ஸின் குற்றச்சாட்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர்களோ அரசியல் எசமானர்களோடு போரிட்டபோதிலும் மனத்தின் அடிமைத்தனத்தை முழுமையாக அகற்றவில்லை. மத ஆதிக்கமும் அரசியல் ஆதிக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை மட்டும் இடித்தால் மற்றது அதை மீண்டும் கட்டி எழுப்பிவிடும். ஆகவே தத்துவம் உலகை விளக்குவதோடு நில்லாமல் செயலாக வேண்டும். சுதந்திரம் என்பது எவரோ வழங்கும் பொருள் அன்று. மனிதர் தம் செயலைத் தாமே தீர்மானிப்பதுதான் சுதந்திரம். வெளியிலிருந்து திணிக்கப்படும் உழைப்பு அடிமைத்தனம். உள்ளிருந்து பிறக்கும் உழைப்பே இன்பம்.

மார்க்ஸ் 1844இல் எழுதிய பொருளாதார, தத்துவக் கையெழுத்துப் படிகளின் முன்னுரையில், இத்துறையில் தகுதிவாய்ந்த ஜெர்மன் ஆக்கங்களாக வைட்லிங், ஹெஸ், எங்கெல்ஸ் ஆகிய மூவரின் எழுத்துகளை மட்டுமே குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு மார்க்ஸ் ஃபாயர்பாக் குறித்து எழுதிய ஆய்வுரைகளில் வரும் செயல் பற்றிய வலியுறுத்தலுக்கு, ஹெஸ் உழுது வைத்த நிலமும் ஒரு காரணம்.

பணமும் ஒரு தன்-வெறுப்பும்

ஹெஸ்ஸின் மிகுந்த ஆற்றல் வாய்ந்த கட்டுரை ‘பணத்தின் சாரம் பற்றி’. 1843, 1844ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டு 1845இல் அச்சேறியது. மனிதர் தம் சொந்த ஆற்றல்களைத் தம்மிடமிருந்து பிரித்துக் கடவுள் என்ற பெயரில் விண்ணில் ஏற்றி வணங்குகின்றனர் என்று ஃபாயர்பாக் விளக்கியிருந்தார். அதே நிகழ்வு மண்ணில் பணத்தின் வடிவில் நடக்கிறது என்றார் ஹெஸ். மனிதர் கூடி உழைத்து உருவாக்கிய ஆற்றல் அவர்களிடமிருந்து பிரிந்து உறைந்து, பணமாகி, அவர்களையே ஆள்கிறது. பழைய உலகில் அடிமை பலவந்தமாக விற்கப்பட்டான். புதிய உலகில் தொழிலாளி தன்னைத் தானே விற்றுக்கொள்கிறான். அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்நியமாதல் என்று நாம் இன்று அறியும் கருத்தைப் பொருளாதார வாழ்வுக்குப் பொருத்திய முதன்மையான முயற்சிகளில் இது ஒன்று.

ஆனால் இதே கட்டுரையில் நம்மை உறுத்தும் பகுதிகளும் உள்ளன. பணம் ஆளும் வணிக உலகைச் சாட ஹெஸ் எடுத்தாண்ட உருவகங்கள் யூத வெறுப்பின் களஞ்சியத்திலிருந்து வந்தவை. யூதரை வேட்டை விலங்கோடும் இரத்தப் பலியோடும் இணைத்து அவர் எழுதினார். யூதர்கள் கிறித்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழி, அம்மக்களின் எத்தனையோ குடியிருப்புகளை நூற்றாண்டுகளாகச் சாம்பலாக்கியிருந்தது. அந்தப் பழியின் சொற்களை ஒரு யூதரே, அதுவும் சமத்துவத்தின் பெயரால் கையாண்டார். மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட ‘யூதர் பிரச்சினை குறித்து’ என்ற கட்டுரையிலும் இதே தொனியை நாம் கேட்கிறோம்.

இதைத் தனிமனிதரின் சறுக்கல் என்று கடந்துவிட முடியாது. இழிவுபடுத்தப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து பொது அரங்குக்குள் நுழைபவர், தாம் அச்சமூகத்தின் வழக்கறிஞர் அல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாகிறார். தம் மக்களைப் பிறரைவிடக் கடுமையாகச் சாடும்போதுதான் அவருடைய நடுநிலை ஏற்கப்படுகிறது. ஒடுக்குவோர் செய்து வைத்த கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து, அந்தக் கோணலைத் தம் கோணல் என்று நம்பும் கொடுமை இது. ஹெஸ் அதிலிருந்து மீள இருபது ஆண்டுகள் ஆயின.

தோழர்களின் ஏளனம்

1845இல் எங்கெல்ஸும் ஹெஸ்ஸும் எல்பர்ஃபெல்ட் நகரில் பொதுவுடைமைக் கூட்டங்களை நடத்தினர். தொழிலாளரின் வாழ்நிலையை அம்பலப்படுத்தும் ‘சமூகக் கண்ணாடி’ என்ற மாத இதழை ஹெஸ் கொண்டுவந்தார். பின்னர் பிரஸ்ஸல்ஸில் மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரோடு சேர்ந்து பணியாற்றினார்; ‘ஜெர்மன் சித்தாந்தம்’ நூலின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. ஆயின் வேறுபாடு முற்றியது. சோசலிசம் அறத்தின் கோரிக்கை என்றார் ஹெஸ். மனிதர் மனிதராக வாழ அது தேவை என்பதால் அது வந்தாக வேண்டும். உற்பத்தி முறையின் முரண்களும் வர்க்கப் போராட்டமும் அதை ஈன்றெடுக்கும் என்றனர் மார்க்ஸும் எங்கெல்ஸும். 1848இல் வெளிவந்த ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’, மெய்ச் சோசலிசம் என்ற பெயரில் ஒரு ஜெர்மன் போக்கை எள்ளி நகையாடியது. அப்போக்கின் முன்னோடிகளில் ஹெஸ்ஸும் ஒருவர்.

இத்தனைக்கும் அவர் பகை வளர்க்கவில்லை. மார்க்ஸின் பொருளாதார ஆய்வு தம்முடையதைவிட வலுவானது என்பதை ஒப்புக்கொண்டு அதிலிருந்து கற்றார். ஆனால் அறத்தின் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நெருப்பில்லாத அறிவும் அறிவில்லாத நெருப்பும் எதையும் சமைக்கா என்பது போன்றதொரு நம்பிக்கை அவரைக் கடைசிவரை இயக்கியது.

சொந்த வாழ்விலும் அவர் தம் கொள்கைக்கு விலை கொடுத்தார். சிபில் பெஷ் என்ற ஏழைக் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணோடு 1840களிலிருந்து சேர்ந்து வாழ்ந்தார். மதமும் வர்க்கமும் கடந்த இந்த உறவைத் தந்தையின் குடும்பம் ஏற்கவில்லை. தந்தை மறைந்த பின், 1852இல் இருவரும் முறைப்படி மணந்துகொண்டனர். 1848 புரட்சி தோற்றபின் பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என அலைந்து, 1853இல் அவர்கள் பாரிஸில் குடியேறினர். அந்த ஆண்டுகளில் ஹெஸ் அரசியலிலிருந்து சற்றே ஒதுங்கி இயற்கை அறிவியலும் மானுடவியலும் பயின்றார்.

அடக்கி வைத்த வலி

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1840இல் சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் கிறித்தவத் துறவி ஒருவர் காணாமற்போனார். யூதர்களே அவரைக் கொன்று சடங்குக்கு இரத்தம் எடுத்தனர் என்ற பழி எழுந்தது. யூதச் சமூகத்தினர் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர், சிலர் மாண்டனர். பிரெஞ்சுத் தூதரக அதிகாரி அப்பழிக்குத் துணைநின்றார். அறிவொளி பெற்றதாகச் சொல்லிக்கொண்ட ஐரோப்பாவின் இதழ்கள் பல அதை நம்பி எழுதின.

ஹெஸ் அதிர்ந்தார், தம் மக்களின் வலியை எழுதத் தொடங்கினார். ஆனால் அந்த எழுத்தை வெளியிடவில்லை. ஐரோப்பியப் பாட்டாளிகளின் துயரம் அதைவிடப் பெரிது என்று கருதித் தம் வலியை அடக்கிக்கொண்டதாகப் பின்னாளில் விளக்கினார்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ரைன் நதியைப் பிரான்ஸ் கைப்பற்றுமோ என்ற அச்சத்தில் ஜெர்மன் தேசிய உணர்வு கொந்தளித்தது. நிக்கோலாஸ் பெக்கர் என்ற கவிஞர் எழுதிய ரைன் பாடல் நாடெங்கும் முழங்கியது. ரைன் கரையில் பிறந்த ஹெஸ்ஸும் அந்த உணர்ச்சியில் கலந்தார். பாடலுக்கு இசையமைத்துக் கவிஞருக்கு அனுப்பினார். உணர்ச்சியற்ற நன்றிக் கடிதம் ஒன்று வந்தது. அதன் பின்புறத்தில், மாற்றி எழுதிய கையெழுத்தில், நீ ஒரு யூதன் என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. அவருடைய இசையைப் பற்றியோ நாட்டுப்பற்றைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. பிறப்பு மட்டுமே பதிலாக வந்தது. எத்தனை படித்தாலும், எத்தனை பாடினாலும், இறுதியில் தாளைத் திருப்பிப் பிறப்பை எழுதிவிடும் கையை நாம் வேறு பல நாடுகளின் வரலாற்றிலும் கண்டிருக்கிறோம். ஹெஸ் இந்நிகழ்வை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தே பொதுவெளியில் சொன்னார்.

ரோமும் எருசலேமும்

1861இல் பிரஷ்ய அரசு பொது மன்னிப்பு வழங்கியது. ஹெஸ் கொலோனுக்குத் திரும்பினார். சிதறிக் கிடந்த இத்தாலி அப்போதுதான் ஒன்றுபட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட தேசங்கள் எழுகின்றன என்ற நம்பிக்கை ஐரோப்பாவெங்கும் பரவிய சூழலில், 1862இல் ‘ரோமும் எருசலேமும்: இறுதித் தேசியப் பிரச்சினை’ என்ற நூலை லைப்சிக் நகரில் வெளியிட்டார். பெண் ஒருவருக்கு எழுதிய பன்னிரண்டு கடிதங்களின் வடிவில் அது அமைந்தது. பிறப்பின் இழிவு பற்றிய கேள்விக்கு அவர் தந்த இரண்டாம் விடை அதில் உள்ளது.

யூதர் மீதான வெறுப்பு மத நம்பிக்கை மீதான வெறுப்பு மட்டுமன்று என்றார் ஹெஸ். அது உடல்மீதும் குருதிமீதும் கொண்ட வெறுப்பு. மதத்தைத் திருத்தலாம், மாற்றலாம். மூக்கைத் திருத்த முடியாது, கருஞ்சுருள் முடியைத் திருமுழுக்கு நீர் நேராக்கிவிடாது. ஆகவே கலந்து கரைந்துவிடுவதால் இழிவு தீராது. மறைந்து வாழும் யூதரே அதிகம் வெறுக்கப்படுகிறார். தம்மைத் தாம் மதிக்காதவரைப் பிறர் மதிப்பதில்லை. சட்டம் தரும் சம உரிமை தேவை, ஆனால் போதாது. ஒரு மக்களாகத் தம் வரலாற்றை ஏற்று, தமக்கென ஒரு நிலத்தில் உழைத்து வாழும் வழி வேண்டும் என்பது அவர் முடிவு.

அந்த நிலம் பாலஸ்தீனம் என்றார். அங்கு நிலம் தனியார் உடைமையாக இராமல் மக்களின் பொதுவுடைமையாக இருக்க வேண்டும். வேளாண்மையும் தொழிலும் கூட்டுறவுச் சங்கங்களாக அமைய வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைப் பழைய உரிமையாளரிடம் மீளளிக்கக் கோரும் மோசேயின் சட்டங்களில் அவர் சோசலிசத்தின் விதையைக் கண்டார். பொதுவுடைமையை அவர் கைவிடவில்லை. இன ஆதிக்கம் எதுவும் இல்லாத, தேசங்கள் தோழமையுடன் வாழும் உலகையே இலக்காகக் கொண்டார். ஆயின் வரலாற்றில் இனங்களின் போராட்டமே அடிப்படையானது, வர்க்கப் போராட்டம் அதற்கு அடுத்தது என்றும் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் வகுத்த வரிசை தலைகீழாயிற்று.

நூலை வரவேற்றோர் மிகச் சிலரே. வரலாற்றாசிரியர் ஹைன்ரிஹ் கிரேட்ஸ் ஆதரித்தார். சம உரிமையின் வாசலில் நின்றிருந்த ஜெர்மன் யூதச் சீர்திருத்தவாதிகள் சினமுற்றனர். அவர்களுள் முதன்மையானவரான ஆபிரகாம் கைகர் அவரை வெளியாள் என ஒதுக்கினார். நாம் ஜெர்மானியர், மதத்தால் மட்டுமே வேறானவர் என்று அவர்கள் நம்பினர். 1871இல் அமைந்த ஜெர்மன் பேரரசில் அவர்களுக்குச் சட்டச் சமத்துவம் கிடைக்கவும் செய்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின், அதே மண்ணிலிருந்து புகைவண்டிகள் அவர்களின் பேரப்பிள்ளைகளை மரண முகாம்களுக்கு ஏற்றிச் சென்றன. ஹெஸ் மூக்கைப் பற்றியும் முடியைப் பற்றியும் எழுதியதை எள்ளியவர்கள் அன்று உயிரோடு இல்லை.

மீண்டும் தொழிலாளர்களிடம்

தம் மக்களைக் கண்டடைந்த பின் ஹெஸ் தொழிலாளரைக் கைவிட்டார் என்று எண்ணினால் அது தவறு. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1863இல், ஃபெர்டினாண்ட் லசால் நிறுவிய பொது ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தில் இணைந்து, ரைன்லாந்தில் அதன் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பாரிஸுக்குத் திரும்பிய பின் முதலாம் அகிலத்தில் சேர்ந்தார். 1868இல் பிரஸ்ஸல்ஸிலும் 1869இல் பாசலிலும் நடந்த மாநாடுகளில் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் தம்மை எள்ளிய மார்க்ஸின் அணியோடு நின்று, புரூதோன், பக்கூனின் ஆகியோரின் வழிவந்தவர்களை எதிர்த்து வாதிட்டார்.

1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. பிரஷ்யக் குடிமகன் என்ற பெயரால் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. அவரோ பிரஸ்ஸல்ஸில் இருந்தபடி பிரஷ்யாவின் இராணுவ வெறியைக் கண்டித்து எழுதினார். போர் முடிந்து பாரிஸுக்கு மீண்டபோது உடல் தளர்ந்திருந்தது. 1875 ஏப்ரல் 6 அன்று அங்கே மறைந்தார். இறுதி விருப்பப்படி கொலோனுக்கு அருகே டாய்ட்ஸ் யூத இடுகாட்டில், வாழ்நாளெல்லாம் பிணங்கியிருந்த தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதி முடிக்காமல் விட்ட அறிவியல் நூலை 1877இல் வெளியிட்டவர் சிபில். டாய்ட்ஸ் கல்லறையில் பின்னாளில் அவரை ஜெர்மன் சமூக ஜனநாயகத்தின் தந்தை எனக் குறித்தனர். 1961இல் அவருடைய எச்சங்கள் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கின்னரெத் ஏரிக்கரை இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. இரு வரலாறுகளும் அவர் உடலைக்கூட விட்டுவைக்கவில்லை.

நாம் ஏற்பதும் மறுப்பதும்

ஹெஸ்ஸின் முதல் விடை தோற்றது. பொது விடுதலை வந்தால் பிறப்பின் இழிவு தானே அகலும் என்ற நம்பிக்கை, இழிவைச் சுமப்போரை மட்டுமே காத்திருக்கச் சொல்கிறது. அவர் தம் வலியை அடக்கிக்கொண்ட இருபது ஆண்டுகளில் அந்த வலி குறையவில்லை; தம் மக்களையே பழிக்கும் சொற்களாக அது திரிந்து வெளிப்பட்டது. தன்மதிப்பு பொதுப் போராட்டத்திற்குத் தடையன்று, அதற்கு முன்நிபந்தனை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. தம் மக்களை ஏற்றுக்கொண்ட பின்தான் அவர் தொழிலாளர் இயக்கத்தில் முன்னிலும் நிதானத்தோடு பணியாற்றினார்.

ஆயின் இரண்டாம் விடையையும் நாம் அப்படியே ஏற்க இயலாது. வெறுப்புக்கு விடையாக இனத்தை வரலாற்றின் அடித்தளமாக்கியபோது, எதிரியின் அளவுகோலையே அவர் கையில் எடுத்தார். பாலஸ்தீனத்துக்கான அவர் திட்டம் பிரான்சின் பாதுகாப்பையும் ஒட்டோமான் பேரரசின் இசைவையும் நம்பியிருந்தது. அந்நிலத்தில் உழுதும் மேய்த்தும் வாழ்ந்த அரபு மக்களின் இசைவு அதில் கேட்கப்படவில்லை. நிலம் மக்களின் பொதுவுடைமை என்று எழுதிய அதே பேனா, எந்த மக்கள் என்ற கேள்வியில் நின்று தயங்கவில்லை. ஒடுக்கப்பட்டவரின் கனவும் வல்லரசின் தோளில் ஏறிப் பயணம் செய்யும்போது வழியில் நிற்போரை மிதிக்கும். அதன் விளைவைப் பாலஸ்தீன மக்கள் இன்றும் தம் உயிரால் செலுத்திக்கொண்டிருக்கின்றனர். 1862இல் எழுதிய ஒருவர்மீது பின்வந்த எல்லாவற்றையும் சுமத்துவது நேர்மையன்று. ஆனால் அந்தக் குருட்டுப்புள்ளி அவருடைய நூலிலேயே இருந்தது என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

அவர் கேள்வியின் இரு பாதிகளும் உண்மையானவை. வர்க்கத்தைப் பேசும்போது பிறப்பை மறந்தார். பிறப்பைப் பேசும்போது வேறொரு மக்களை மறந்தார். எனினும், இரண்டையும் ஒருசேரப் பேச வேண்டும் என்று, அதற்குரிய சொற்கள் எந்த மொழியிலும் உருவாகியிராத காலத்தில், பட்டமும் செல்வமும் கட்சியும் துணையில்லாமல் அவர் முயன்றார். அந்த முயற்சி இன்னும் முடியவில்லை. அதை மேற்கொள்வோர் ஹெஸ்ஸைப் படிக்க வேண்டும்; அவரைப் பங்கிட்டுக்கொண்ட இரு தரப்பும் விட்டுவைத்த பக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.